மாநில எம்.எல்.ஏ.க்களின் சம்பளம்: சட்டமன்றமே முடிவு செய்வதா, தனி ஆணையமா?

அமெரிக்க மாநிலங்களில் இரண்டு வழியும் உண்டு.

யார் கையில்?
சட்டமன்றம்: தங்கள் சம்பளத்துக்குத் தாங்களே ஓட்டுப் போடுகிறார்கள்.
ஆணையம்: வாஷிங்டன் மாநிலத்தில் 1986 முதல் குடிமக்கள் ஆணையம். உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுக்கிறார்கள்.

ஏற்றம், இறக்கம்?
சட்டமன்றம்: ஓட்டுக்குப் பயந்து பல வருடம் தொடவே மாட்டார்கள், அப்புறம் ஒரே தாவல். 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, நியூயார்க் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு 1,10,000 டாலர் வருடச் சம்பளத்தை 1,42,000 ஆக்கிக்கொண்டது. தேர்தல் முடிந்த கையோடு!
ஆணையம்: குறைக்கவும் செய்யும். கலிபோர்னியா ஆணையம் 2009-இல் 18 சதவீதம் வெட்டியது. எந்தச் சட்டமன்றம் தனக்கே இப்படிச் செய்யும்?

பொறுப்பு?
சட்டமன்றம்: கோபம் வந்தால் அடுத்த தேர்தலில் காட்டலாம்.
ஆணையம்: யாரையும் தோற்கடிக்க முடியாது. இது உண்மையான குறைதான்.

சரி, எது எங்கே? வருடம் முழுக்க வேலை இருக்கும் பெரிய மாநிலத்துக்கு ஆணையமே மேல் என்பேன். நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி, இரண்டு ஆண்டுக்கு 200 டாலர் என்று 1889-லேயே அரசியலமைப்பில் எழுதிவிட்ட இடத்தில் ஆணையத்துக்கு வேலையே இல்லை.