மடங்கிய கைக்கு மின்தூண்டலா, கையுறையா?

பக்கவாதம் வந்த கை விரியாமல் மடங்கியே கிடந்தால், "கரன்ட் வைக்கிற மெஷின் வாங்கலாமா?" என்ற கேள்வி சீக்கிரமே வரும். எந்த மெஷின் என்பதுதான் சிக்கல். வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவி பார்க்க இதேபோல இருக்கும், ஆனால் அதன் வேலை வேறு. அது உணர்வு நரம்பைத் தூண்டும். நமக்கு வேண்டியது தசையைச் சுருங்க வைக்கும் தூண்டல்.

அதில் எளியது நேரக்கணக்கில் ஓடும் வகை. முன்கையின் பின்புறத்தில் இரண்டு ஒட்டுப்பட்டைகளை வைத்தால் சில விநாடி விரல்கள் விரியும், சில விநாடி ஓய்வு, மறுபடியும் விரியும். பெரும்பாலும் 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு அத்தனை மின்துடிப்பு, வைப்பார்கள். கை துளியும் அசையாதவருக்கும் இதைச் செய்யலாம், அதுவே இதன் பெரிய பலம். தோள்மூட்டு இறங்கிப்போகும் ஆரம்ப நாட்களில் தோள் தசைகளுக்கு வைத்தாலும் பலன் உண்டு. குறை என்னவென்றால், நோயாளி டிவி பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூளைக்கு இதில் வேலையே இல்லை. தசையும் சீக்கிரம் களைத்துவிடும்.

அடுத்தது, நோயாளி முயன்றால் மட்டும் ஓடும் வகை. தசையில் எழும் மெல்லிய மின் சமிக்ஞையை வாங்கி, அது குறித்த அளவைத் தாண்டியதும் தூண்டும். கேட்க இதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பக்கவாதம் வந்து 6 மாதத்துக்குள் இருந்த 122 பேரிடம் ஒப்பிட்டபோது, இது முதல் வகையைவிடத் தெளிவாக மேல் என்று நிற்கவில்லை.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. நல்ல கையில் உணரிகள் உள்ள கையுறை. அந்தக் கையை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவுக்கு முடங்கிய கையும் தூண்டப்பட்டு விரியும். எண்ணமும் அசைவும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, கையில் ஒரு பொருளைப் பிடித்தபடியே பழகலாம். 6 மாதம் கடந்த 80 பேரிடம் 12 வாரம் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்து 6 மாதம் கழித்து, ஒரு நிமிடத்தில் கட்டைகளை எடுத்துப் போடும் சோதனையில் இந்தக் குழுவுக்குச் சராசரியாக 4.6 கட்டை கூடியது, நேரக்கணக்கு வகைக்கு 1.8. அற்புதம் இல்லைதான். ஆனாலும் நாள்பட்ட கைக்கு அது சும்மா இல்லை.

மெஷினே இல்லாத போட்டியாளரும் உண்டு: நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டு, பலவீனமான கையையே வேலை வாங்குவது. 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வில் 222 பேர். 2 வாரம் தீவிரப் பயிற்சி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை. ஓராண்டு கழித்தும் வழக்கமான கவனிப்பைவிட முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டை 10 டிகிரியாவது தானாகத் தூக்க முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அவ்வளவு அசைவு இருந்தால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன். இல்லாதவருக்கு நல்ல கையையும் கட்டிப்போடுவது வெறும் கொடுமை.

சரி, பேஸ்மேக்கர் இருப்பவர், வலிப்பு வருபவர், தோலில் உணர்வே இல்லாதவர் மருத்துவரைக் கேட்காமல் மின்தூண்டலைத் தொடவே கூடாது. மற்றவர்கள் வீட்டில் செய்வதானால், பிசியோதெரபிஸ்ட் சரியாக ஒட்டிக் காட்டும்போதே தோலில் பேனாவால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். பட்டை கொஞ்சம் நகர்ந்தாலும் விரல் விரியாது, மணிக்கட்டு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பும்.