என் அலுமினிய ஹீட் சிங்க்: மூன்று ஆண்டுகள், ஒரு துளை, ஒரு மரை

மரத்தில் எழுத்துப் பொறிக்கும் என் நீல லேசருக்காக நானே கடைந்து செய்த ஹீட் சிங்க்கில் (லேசரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோக உருளை) தேய்ந்துபோன மரை ஒன்றைச் சென்ற வாரம் சரிசெய்து முடித்தேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர், ஹீட் சிங்க்கும் சேர்ந்தே வரும் ஆயத்த லேசர் மாட்யூல்களின் விலை இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் தாமும் அலுமினியத்தில் கடைந்துகொள்ளலாமா என்று கேட்டார். மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில் அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

என்னுடையது 40 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் கொண்ட 6061 வகை அலுமினிய ராடு. கோவை கணபதியிலுள்ள ஒரு லேத் பட்டறையில் அதன் பின்பாதியில் வளையம் வளையமாகக் காடி எடுத்து, நடுவில் 12 மி.மீ. துளையிட்டு, லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடு பொதிந்த பித்தளைக் குழலை அதில் செருகினோம். வளையம் எடுக்காத முன்பகுதியில் ஹாக்ஸாவால் ஒரு பிளவு அறுத்து, அதைக் குறுக்கே இழுத்துப் பிடிக்க எம்3 (3 மி.மீ. தடிமன்) ஆலன் போல்ட் ஒன்று வைத்தோம். அலுமினியம் கட்டர் முனையில் அப்பிக்கொள்ளும் உலோகம் என்பதால் மண்ணெண்ணெய் விட்டு விட்டுக் கடைந்தபோது, வளையங்கள் ஒவ்வொன்றாகப் பளபளத்து வெளிவந்த காட்சி இன்னும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

குளிர்விக்கும் திறனில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டயோடு எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ 14 வாட்டில் 5 வாட் ஒளியாகிறது. மீதி 9 வாட் வெப்பமாக இந்த உருளைக்குள் இறங்குகிறது. அறை 32 டிகிரியில் இருக்க, சிறிய ஃபேன் ஓட, அரை மணி நேரம் பிளைவுட்டில் எழுத்துப் பொறித்த பிறகும் உருளை 46 டிகிரியைத் தாண்டியதில்லை. (பளபளப்பான அலுமினியத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானி உண்மையைவிட மிகவும் குறைவாகவே காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல்தான் அளக்க வேண்டும்.) மரப்புகை வளையங்களில் படிவதை மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுவதைத் தவிர வேறு பராமரிப்பும் இல்லை.

என் பொறுமையை மூன்று ஆண்டுகளாகச் சோதித்து வந்தது அந்த நடுத்துளை. துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவும் ரீமர் போட்டு 12.00 மி.மீ. அளவுக்கு முடித்தால்தான் குழல் இறுக்கமாக உட்காரும் என்று பட்டறைக்காரர் அப்போதே சொன்னார். பிளவும் போல்ட்டும் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு என்று நான்தான் தடுத்தேன். வெறும் டிரில்லால் போட்ட துளை 12.1 ஆக வந்தது. குழலைச் சுற்றி 0.05 மி.மீ. இடைவெளிதானே என்று அன்று எண்ணினேன். 6061 அலுமினியத்தின் வெப்பக் கடத்தல் காற்றைவிட 6,000 மடங்குக்கும் மேல், 25 மி.மீ. நீளமுள்ள குழலைச் சுற்றி அந்த மெல்லிய காற்றுறை முழுமையாக நின்றுவிட்டால், 9 வாட் அதைக் கடப்பதற்கு மட்டும் சுமார் 18 டிகிரி வேறுபாடு தேவைப்படும் என்பதைப் பின்னர்தான் கணக்கிட்டுப் பார்த்தேன். வளையங்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பல நாள் யோசித்த நான், வெப்பம் வளையங்களைச் சென்றடையும் இந்த ஒரே வாசலைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை.

துளையின் தளர்வை மூடும் வேலை முழுவதும் அந்த எம்3 போல்ட்டின்மேல் விழுந்தது. துளையைச் சுற்றியுள்ள சுவர் தடிமனாக இருந்ததால், அதை நெருக்கப் போல்ட்டைப் பலமாகத் திருக வேண்டியிருந்தது. மரையோ அலுமினியத்தில் 5 மி.மீ. ஆழம் மட்டுமே. குழலுக்கும் துளைக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டியதில் மரை சிறிது சிறிதாகத் தேய்ந்து, இந்த ஆண்டு பிடியையே விட்டுவிட்டது.

பிடி விட்டது எனக்கு உடனே தெரியவில்லை என்பதுதான் இன்றும் ஆறாத வருத்தம். பொறிப்பின் முதல் பத்து நிமிடங்கள் எழுத்து கருமையாகவும், அதன்பின் வெளிறியும் வந்தது. டயோடுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டின் மின்னோட்டம் மாறவில்லை. உருளையும் வழக்கம்போல் 46 டிகிரிதான் காட்டியது. அதனால் லென்ஸைத் துடைத்தேன், டிரைவரைச் சந்தேகித்தேன், இரண்டு வாரங்களை வீணாக்கினேன். உருளைக்குள் வரும் வெப்பத்தின் அளவு மாறாதவரை அதன் வெப்பநிலையும் மாறாது என்பதும், இடையில் தடை கூடினால் சுடுவது டயோடு மட்டுமே என்பதும், பித்தளை முகத்தில் டேப் ஒட்டி 64 டிகிரியைப் பார்த்த பிறகே உறைத்தது. உருளையைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் தயவுசெய்து குழலின் முகத்தையும் அளந்து பாருங்கள்.

பழுதுபார்ப்பு எளிதாகவே முடிந்தது. தேய்ந்த துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்குரிய மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச்சுருளாலான ஹெலிகாயிலைத் திருகி இறக்கினோம். அதே எம்3 போல்ட் இப்போது உறுதியாகப் பிடிக்கிறது. பித்தளை முகம் மீண்டும் 48 டிகிரிக்கு வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல பொருள் என்று எழுதிவிட்டு, நண்பருக்கு ஆயத்த மாட்யூலை வாங்கிக்கொள்ளும்படிதான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அடுத்த மாதமே பெயர்ப்பலகை வேலைகள் இருக்கின்றன. நான் இழந்த இரண்டு வாரங்களை அவரால் இழக்க முடியாது, எனக்கும் இந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. அதையும் மீறிக் கடையத்தான் போகிறார் என்றால், துளைக்கு ரீமர் கட்டாயம் வேண்டும். போல்ட் எம்4 ஆகவும் மரை குறைந்தது 8 மி.மீ. ஆழமாகவும் இருக்கட்டும். துளையின் அளவைப் பட்டறையிலிருந்து கிளம்பும் முன்பே, பித்தளைக் குழலைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துவிட வேண்டும்.