ஓல்ட் டிராஃபோர்ட்: புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா?

2024 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்புக்கு ஆர்சனலுடன் ஆட்டம் நடந்த அன்று மான்செஸ்டரில் பேய்மழை. யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து தண்ணீர் இருக்கைகள் மேல் அருவியாகக் கொட்டியது. அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. பத்து மாதம் கழித்து, 2025 மார்ச் 11 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் தன் முடிவை அறிவித்தது. பழைய மைதானத்தை ஒட்டியே 1,00,000 பேர் அமரும் புது அரங்கம். செலவு சுமார் 200 கோடி பவுண்டு. வடிவமைப்பு கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம். அதுவரை பரிசீலனையில் இருந்த இன்னொரு வழி, சுமார் 74,000 பேருக்கு இடமுள்ள இப்போதைய மைதானத்தைப் புதுப்பித்து 87,000 ஆக்குவது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாகக் கட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது சொல்லப்படும் அளவிலும், இப்போது பேசப்படும் பணக்கணக்கிலும் அல்ல.

முதலில் பழைய மைதானத்தின் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1910 பிப்ரவரியில் லிவர்பூலுடன் ஆடிய ஆட்டத்தோடு திறந்த இடம் அது. (யுனைடெட் 4-3 என்று தோற்றது.) 1941-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்து, 1949 வரை சொந்த ஊர் எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடில் ஆட வேண்டி வந்தது. யுனைடெட் அணி பயணம் செய்த விமானம் 1958-ல் முனிக்கில் விபத்துக்குள்ளானபோது இறந்தவர்களின் நினைவுக் கல்வெட்டும் கடிகாரமும் இந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. அந்த விபத்தில் உயிர்பிழைத்த ஆட்டக்காரர் பாபி சார்ல்டன் பெயரில்தான் தெற்கு ஸ்டாண்ட், அதாவது தெற்குப் பக்கத்துப் பார்வையாளர் பகுதி, இருக்கிறது. இதையெல்லாம் வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட்டுப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு கிளப்பை மற்ற கிளப்பிலிருந்து பிரித்துக் காட்டுவதே இந்த நினைவுகள்தான்.

புதுப்பிக்கும் வழிக்கு ஆகச் சிறந்த சாட்சி லிவர்பூல். 2007-ல் அன்றைய அமெரிக்க உரிமையாளர்கள் பக்கத்து ஸ்டான்லி பார்க்கில் புது அரங்கம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். பணம் புரளவில்லை, கடைசியில் கிளப்பே கைமாறியது. 2010-ல் வந்த புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை ஓரங்கட்டிவிட்டுப் பழைய மைதானமான ஆன்ஃபீல்டையே பெரிதாக்கினார்கள். 2016-ல் பிரதான ஸ்டாண்ட், அப்புறம் ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம். இரண்டாவது வேலையின் நடுவே, 2023-ல், ஒப்பந்த நிறுவனம் திவாலாகித் தாமதம் ஆனது உண்மை. இருந்தாலும் இன்று 61,000 பேர் அமர்கிறார்கள். வேலைக்காக ஒரு சீசன்கூட வெளியூர் போய் ஆடவில்லை. பெரிய கடன் சுமையும் இல்லை.

அப்படியானால் யுனைடெட் ஏன் அதையே செய்யக்கூடாது? காரணம் எளிது. லிவர்பூல் இப்போது செய்ததை யுனைடெட் எப்போதோ செய்து முடித்துவிட்டது. 1990-களில் வடக்கு ஸ்டாண்ட் மூன்றடுக்கானது. 2000 வாக்கில் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டாம் அடுக்கு வந்தது. 2006-ல் வடக்குப் பக்கத்து இரண்டு மூலைகளும் நிரப்பப்பட்டன. மிச்சம் இருப்பது தெற்கு மட்டும்தான். அதன் முதுகை ஒட்டி மான்செஸ்டர்–லிவர்பூல் ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் வீடுகள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளத்துக்கு மேலே ஸ்டாண்டை எழுப்புவது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ரயில்வேயின் அனுமதி, இரவு நேர வேலை, கூடுதல் செலவு. தெற்கை முடித்துவிட்டாலும் மற்ற மூன்று பக்கத்துக் கூரையும், குறுகலான நடைபாதைகளும், வடிகால் குழாய்களும் அப்படியேதான் இருக்கும். அவற்றையும் மாற்றினால்தான் புதுப்பித்தல் என்று சொல்ல முடியும். அப்படி மாற்றும்போது ஆண்டுக்கணக்கில் ஏதாவது ஒரு ஸ்டாண்ட் மூடியே கிடக்கும். அங்கே சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் எங்கே போய் உட்காருவார்?

இதற்குப் பார்சிலோனாவைப் பார்த்தால் போதும். 2023-ல் தங்கள் மைதானமான கேம்ப் நோவைப் பிரிக்க ஆரம்பித்து, மோன்ட்ஜூயிக் மலைமேல் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனார்கள். கிளப்பின் 125-வது ஆண்டான 2024 நவம்பரில் திரும்பிவிடுவோம் என்றார்கள். திரும்பியது 2025 நவம்பரில். அதுவும் சுமார் 45,000 பேருக்கு மட்டும் இடம் உள்ள, வேலை முடியாத அரங்கத்துக்கு. இரண்டு சீசனுக்கு மேல் ஓட்டப்பாதை சூழ்ந்த ஒரு மைதானத்தில், குறைந்த டிக்கெட் வருமானத்தில், சொந்த ஊரிலேயே விருந்தாளியாக ஆடியது அந்தக் கிளப். லண்டன் கிளப்பான டோட்டனமும் தன் பழைய மைதானமான வைட் ஹார்ட் லேனை 2017-ல் இடித்துவிட்டு, அதே ஊரின் வெம்ப்ளி அரங்கத்துக்குப் போனது. 2018 ஆகஸ்டில் முடிய வேண்டிய புது அரங்கம் 2019 ஏப்ரலில்தான் திறந்தது. பழைய இடத்தின் மேலேயே கட்டியதால் வேறு வழி இருக்கவில்லை.

யுனைடெட்டுக்கு வேறு வழி இருக்கிறது. பக்கத்தில் நிலம் இருக்கிறது. பழைய மைதானத்தில் ஆடிக்கொண்டே புதியதைக் கட்டலாம். கடைசி ஆட்டம் முடிந்த பிறகு இந்தக் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதவைத் திறக்கலாம். லிவர்பூல் நகரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டன் இதைத்தான் செய்தது: 2025 மே வரை பழைய மைதானமான குடிசன் பார்க், ஆகஸ்டில் பிராம்லி-மூர் துறைமுகக் கரையில் 52,000-க்கு மேல் இருக்கைகளோடு புது வீடு. குடிசனை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள். ஓல்ட் டிராஃபோர்டின் ஒரு பகுதியையாவது அப்படிக் காப்பாற்றக் கூடாதா என்பது நியாயமான கேள்வி. ஆக என்னைப் பொறுத்தவரை, இடம்பெயராமல் கட்டலாம் என்ற ஒன்றே தராசைப் புது அரங்கத்தின் பக்கம் சாய்க்கிறது.

92,000 வேலைவாய்ப்பு, 17,000 வீடுகள், ஆண்டுக்கு 730 கோடி பவுண்டு பொருளாதாரப் பயன் என்றெல்லாம் கிளப் சொல்வதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவை அந்த வட்டாரம் முழுவதன் மறுசீரமைப்புக்கான கணக்கு. பழைய அரங்கத்தைப் புதுப்பித்தாலும் பக்கத்தில் வீடு கட்டத் தடை இல்லையே.

இனி வடிவமைப்பு. 200 மீட்டர் உயரத்துக்கு மூன்று கம்பங்கள், அரங்கத்தையும் முன்வெளியையும் சேர்த்து மூடும் பெரிய குடை. படத்தில் அழகாக இருக்கிறது. பாகங்களை வேறிடத்தில் தயாரித்து மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வழியே கொண்டுவந்தால் ஐந்தே ஆண்டில் முடிக்கலாம் என்கிறார் ஃபாஸ்டர். அவர் நிறுவனம் பங்கெடுத்த வெம்ப்ளி 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குத் தயாராகவில்லை. ஆட்டம் கார்டிஃபில் நடந்தது. அந்தத் தாமதத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் பங்கு பெரியது என்றாலும், ஐந்து ஆண்டு என்பதை இலக்காக எடுத்துக்கொள்ளலாமே தவிர, கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. குடையை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் கோலுக்குப் பின்னால் ஒரே சரிவாக ஒரு பெரிய ஸ்டாண்ட் கட்டலாம். டோட்டனமில் 17,500 பேர் அமரும் அப்படியொன்று இருக்கிறது. ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றே பார்க்கிறார்கள். ஆட்டக்காரர்களை உசுப்புவது அந்தச் சத்தம்தான்.

சரி, பணம். யுனைடெட் ரசிகர்களுக்கு இதைப் புரியவைக்க ஆர்சனலை நினைவூட்டினால் போதும். 2006-ல் எமிரேட்ஸ் அரங்கத்துக்கு மாறிய ஆர்சனல் கடனைக் கட்டிக்கொண்டே இருந்தது. 2005-க்கும் 2014-க்கும் இடையில் ஒரு பெரிய கோப்பையும் இல்லை. அதன் முக்கிய ஆட்டக்காரர்களில் 2011-ல் ஃபாப்ரிகாஸ் போனார், நஸ்ரி போனார். 2012-ல் வான் பெர்சி யுனைடெட்டுக்கே வந்து, 26 கோல் போட்டு, அன்றைய யுனைடெட் மேலாளர் ஃபெர்குசனின் கடைசி லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். எதிரியின் அரங்கக் கடனால் கிடைத்த லாபம் அது. இப்போது கடன்படப் போவது நாம். அதுவும் ஆர்சனலைப் போலச் சுத்தமான கணக்கில் தொடங்கவில்லை. 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. இன்றும் அது தீரவில்லை. சிறுபான்மைப் பங்கோடு 2024-ல் வந்த ஜிம் ராட்கிளிஃப் காலத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு இறுதியில், மீதமிருந்த டிக்கெட்டுகளின் விலை குழந்தைக்கும் முதியவருக்கும் சலுகையே இல்லாமல் 66 பவுண்டு ஆனது.

200 கோடி பவுண்டை யார் கொண்டுவரப் போகிறார்கள் என்ற கேள்விக்கு உரிமையாளர்கள் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கையிலிருந்து முதலீடாக வந்தால் 1,00,000 இருக்கை பற்றிப் பேசலாம். மீண்டும் கிளப்பின் பெயரில் கடன் என்றால், குடையில்லாத, 90,000 பேருக்கான எளிய அரங்கமே போதும். இரண்டில் எதுவானாலும், மைதானத்தின் பக்கத்து ஊர்களான சால்ஃபோர்டிலும் ஸ்ட்ரெட்ஃபோர்டிலும் இருக்கும் பையனும் பெண்ணும் வாங்கக்கூடிய விலையில் எத்தனை இருக்கைகள் என்பதை முதல் கல் நடும் முன்பே எழுத்தில் தர வேண்டும். ரசிகர் சங்கங்கள் இப்போது நெருக்க வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான்.