முனிச்சிலிருந்து வார இறுதிப் பயணம்: டாய்ச்லாண்ட் டிக்கெட்டா, ஐசிஇ-யா?

முனிச்சுக்கு வேலைக்கு வந்த அமெரிக்க இளைஞருக்குக் கார் இல்லாத வாழ்க்கையே புதுசு. முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு, அதாவது ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாதப் பாஸுக்கு, சந்தா கட்டட்டும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58, 2026-இல் 63 என்று ஏறிவிட்டது. பரவாயில்லை, வாரநாளில் ஆபீஸ் போகும் யு-பானுக்கும் (மெட்ரோ ரயில்) அதுதான், சனிக்கிழமை எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறங்கவும் அதுதான்.

ஆனால் ஐசிஇ போன்ற அதிவேக, தொலைதூர ரயில்களில் அது செல்லாது. பெர்லினுக்கு ஐசிஇ சுமார் 4 மணி நேரம். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் பகல் முழுக்க ரயிலிலேயே கழியும், அப்புறம் எங்கே சுற்றுவது? ஐசிஇ சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு, ஆனால் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். கடைசி நேரத்தில் எடுத்தால் பர்ஸ் காலி. பக்கத்து ஊருக்கெல்லாம் ஐசிஇ வீண்செலவு.