ஈக்யூ-1 தாங்கியும் 114 மி.மீ. தொலைகாட்டியும்: யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

குழாயில் குறை சொல்ல அதிகம் இல்லை. 114 மி.மீ. ஆடி, 900 மி.மீ. குவியத்தூரம், சந்திரனின் குழிகளும் சனியின் வளையமும் வியாழனின் நான்கு நிலவுகளும் வடிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: குழாய் அரை மீற்றர் நீளந்தான் இருந்து, பெட்டியில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருந்தால் உள்ளே ஒரு வில்லை வைத்துத் தூரத்தை நீட்டியிருக்கிறார்கள். அதில் ஆடிகளை நேர்ப்படுத்துவது பெரும்பாடு.

ஆட்களை அலைக்கழிப்பது குழாயைத் தாங்கும் ஈக்யூ-1. இதன் முதல் அச்சு வான் துருவத்தை, அதாவது விண்மீன்கள் சுற்றுவதுபோலத் தெரியும் மையப் புள்ளியை, நோக்க வேண்டும். அச்சின் சாய்வு நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கு. யாழ்ப்பாணத்துக்கு 9 பாகை 40 கலை. குளிர்நாடுகளில் 40, 50 பாகையில் பாவிப்பதை மனதில் வைத்துச் செய்த பொருள் இது. இங்கே அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. அப்போது இரண்டு கோளாறுகள் வரும். சாய்வுத் திருகு 10 பாகைக்கு இறங்காமல் இடையிலேயே முட்டும். இறங்கினாலும், எடைக்கட்டி தொங்கும் கம்பி வடக்குப் பக்கத்துக் காலில் இடிக்கும். காசு கொடுக்க முன்னர் கடையிலேயே பூட்டச் சொல்லி, அச்சை 10 பாகைக்கு இறக்கி, கம்பியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் கைவைத்தியம் உண்டு. கையேடு ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்லும். அதைக் கேளாமல் ஒரு காலைத் தெற்கே வைத்தால், கம்பி வடக்கு இரு கால்களுக்கும் நடுவே சுழலும். திருகு 15 பாகையில் நின்றுவிட்டால், மிச்ச 5 பாகையைத் தெற்குக் காலை நீட்டி எடுக்கலாம். கால்களுக்கிடையே 80 செ.மீ. இடைவெளி இருந்தால் சுமார் 6 செ.மீ. நீட்டப் போதும். முக்காலி மட்டமாக நிற்கவில்லையே என்று யோசிக்க வேண்டாம், அச்சின் சாய்வு சரியாக இருந்தால் சரி. ஆனால் பாரம் முழுவதும் வடக்கே போய்விடும். தெற்குக் காலில் மணல் பை ஒன்றைக் கட்டாவிட்டால் குழாயோடு கவிழும். தாங்கியில் பொறித்த பாகைக் கோடுகளை நம்பாதீர்கள். போனில் உள்ள சரிவுமானியை அச்சோடு ஒட்டிப் பிடித்து 9.7க்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது வடக்கு. துருவ நட்சத்திரம் இங்கே 9 முதல் 10.3 பாகை உயரத்துக்குள்தான் சுற்றுகிறது. ஊருக்குள் அது பனைக்கும் தென்னைக்கும் பின்னால் போய்விடும். காரைநகர் கசூரினாக் கடற்கரையிலோ பருத்தித்துறைக் கரையிலோ வடக்கே கடல் என்பதால், பனிப்புகார் இல்லாத இரவில் பிடிக்கலாம். வீட்டு முற்றத்தில் என்றால் பகலிலேயே கோடு போட்டு வையுங்கள். மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலாக வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் கோட்டை) கடக்கும் நிமிடத்தில் நூலின் நிழலைத் தரையில் கீறினால் அதுதான் வடக்கு-தெற்கு.

அந்த நிமிடம் 12.00 அல்ல. எங்கள் மணிக்கூடு 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது. யாழ்ப்பாணம் 80 பாகையில் இருப்பதால் 10 நிமிடம் பிந்தி, சராசரி உச்சி 12.10. சூரியனும் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. ஆகவே பெப்ரவரி 11 அளவில் உச்சி 12.24க்கு வரும், நவம்பர் 3 அளவில் 11.54க்கே வந்துவிடும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் 1, டிசம்பர் 25 அளவிலும் 12.10. பெப்ரவரியில் 12.00 மணி நிழலை நம்பிக் கோடு கீறினால் 15 பாகை பிசகும்.

ஏப்ரல் 15க்கும் ஓகஸ்ட் 28க்கும் அண்டிய நாள்களில் இந்த வழி எடுபடாது. சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால் நிழலே விழாது. இந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் சூரியன் வடக்குப் பக்கமாகக் கடக்கும், நிழல் தெற்கே விழும். தாங்கியைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். மிக நல்ல காலம் டிசம்பர்: 22ஆம் திகதி உச்சியில் சூரியனின் உயரம் 57 பாகை, நிழல் நீளம், மழை விட்டால் கோடு தெளிவு. (சித்திரைப் புத்தாண்டும் உச்சிச் சூரியனும் அடுத்தடுத்த நாள்களில் வருவது தற்செயல். பஞ்சாங்க ஆண்டு விண்மீன்களை வைத்தது. பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளமானதால் நூற்றாண்டுகளில் இரண்டும் விலகிவிடும்.)

இனி அச்சுகளில் உள்ள எண் வட்டங்கள். வல ஏற்றம் என்பது வானின் நெடுங்கோடு; பாகையில் அல்ல, 24 மணியாகப் பிரித்து அளப்பார்கள். வல ஏற்ற வட்டத்தில் ஒரு சிறு கோடு 10 நிமிடம் என்றால் வானில் 2.5 பாகை. 25 மி.மீ. கண்வில்லை காட்டுவது 1.4 பாகைதான். வட்டத்தைப் பார்த்துத் திருப்பினால் பொருள் நேரே கண்ணுக்குள் வந்து நிற்கும் என்று விளம்பரம் சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனாலும் விண்மீன் நேரம் (அந்தக் கணத்தில் உச்சிக்கோட்டில் நிற்கும் வல ஏற்றம்) என்றால் என்ன என்று கையால் விளங்க இதைவிட நல்ல கருவி இல்லை. செப்டெம்பர் 21 நள்ளிரவில் அதை 0 என்று வைத்து, நாளுக்கு 3.94 நிமிடம் கூட்டுங்கள். பெப்ரவரி 15 இரவு 9 மணிக்கு: மணிக்கூட்டில் 10 நிமிடம் கழிக்க 20.50; 147 நாள்களுக்கு 9 மணி 40 நிமிடம்; கூட்டி 24 மணியைக் கழித்தால் 6 மணி 30 நிமிடம். சீரியசின் வல ஏற்றம் 6 மணி 45 நிமிடம். ஆகவே 9.15 அளவில் அது உச்சிக்கோட்டைக் கடக்க வேண்டும். எடைக்கம்பி கிழக்கு-மேற்காகக் கிடையாக நிற்க, குழாய் தெற்கே 64 பாகை உயரத்தைப் பார்க்க, சீரியஸ் தேடுகாட்டிக்குள் (குழாயின் மேலுள்ள சிறு தொலைகாட்டிக்குள்) வந்தால் வடக்குக் கோடு சரி.

மலிவுத் தாங்கிகளில் வல ஏற்ற வட்டம் வானோடு சேர்ந்து ஓடாது. பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நின்றால் ஒரு கோடு பிசகிவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் தெரிந்த ஒரு விண்மீனைப் பிடித்து வட்டத்தை அதன் எண்ணுக்குத் திருப்பி, உடனே அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். இந்த முறைக்கு மிக இலகுவான சோடி மே நடுப்பகுதியில், இரவு 10 மணிக்குக் கிடைக்கும். சித்திரை விண்மீன் 13 மணி 25 நிமிடத்தில் இருக்கிறது. ஒமேகா சென்டோரி என்ற விண்மீன் கொத்து 13 மணி 27 நிமிடத்தில். சித்திரையை நடுவில் வைத்து, வல ஏற்ற அச்சைப் பூட்டி, மற்ற அச்சை மட்டும் -11 பாகையிலிருந்து -47.5 பாகைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் வான் நடுவரையிலிருந்து தெற்கே) இறக்குங்கள். கொத்து கண்வில்லையிலோ அதன் ஓரத்திலோ நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலே வராத இதை நாங்கள் 33 பாகை உயரத்தில் பார்க்கிறோம்.

மோட்டார் தனியாக விற்கிறார்கள். 25 மி.மீ. கண்வில்லை தரும் 36 மடங்கில் அது தேவையில்லை. வான் நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் காட்சியைக் கடக்க ஐந்தரை நிமிடம் ஆகும், கைத்திருகே போதும். 90 மடங்கில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான். அப்போது மோட்டார் உதவும்.

பார்ப்பது மட்டுந்தான் நோக்கம் என்றால், இதே ஆடியை மரப்பெட்டித் தாங்கியில் வாங்குங்கள். எங்கள் அகலாங்கில் விண்மீன்கள் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி இறங்குவதால், கிழக்கிலும் மேற்கிலும் மேல்-கீழ் அசைவு ஒன்றே பெரும்பாலும் போதும். பள்ளிக்கூடத்துக்கோ வானியல் படிக்கும் பிள்ளைக்கோ என்றால் ஈக்யூ-1.

பெட்டிக்குள் கண்வில்லையில் திருகுகிற கறுப்புச் சூரிய வடிகட்டி இருந்தால் அன்றே உடைத்து எறியுங்கள். அது சூட்டில் வெடிக்கும், கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் வடிகட்டி வேண்டும். தேடுகாட்டிக்கும் மூடி போட வேண்டும்.