கூரையில் கொதிக்கிறது, குழாயில் வரக் காணோம்: சோலார் ஹீட்டரோடு குடித்தனம்

"மாமா, சோலார் ஹீட்டர் இப்போ விலை இறங்கியிருக்கு, போடலாமா?" என்று பட்டர்வொர்த்திலிருந்து மச்சான் போன் செய்தார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் எங்கள் ஹீட்டருக்கு ரிப்பேர் செலவு 850 வெள்ளி (ரிங்கிட்) எண்ணிக் கொடுத்திருந்தேன். அவருக்குக் கிடைத்த பதிலில் பாதி நியாயம், பாதி எரிச்சல். இங்கே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பிரித்துக்கொள்வது உங்கள் பாடு.

எங்களுடையது பினாங்கு சுங்கை ஆராவில் இரண்டு மாடி வரிசை வீடு. கூரையில் 300 லிட்டர் டாங்கி, அதற்குக் கீழே இரண்டு தட்டைப் பலகைகள். மின்சாரம் தயாரிக்கிற பலகை இல்லை, தண்ணீரைச் சூடாக்க மட்டும்தான். எதிர்வீட்டு அங்கிள் எங்களுக்குக் கரண்ட் பில்லே வராது என்று இன்னமும் நம்புகிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாமானின் மூளை அதன் எளிமையில் இருக்கிறது. பலகைக்கும் டாங்கிக்கும் நடுவே பம்ப் கிடையாது. வெயிலில் சூடான தண்ணீர் இலேசாகி, தானாக மேலே ஏறி டாங்கிக்குப் போகிறது. டாங்கியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் கனத்தால் பலகைக்கு இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். டாங்கி பலகையைவிட உயரத்தில் இருப்பதால் இராத்திரியில் சூடு திரும்பக் கீழே வழிந்துவிடாது. டாங்கிக்குள்ளும் சூடு மேலே, குளிர் அடியில் என்று தண்ணீர் அடுக்காக நிற்கிறது. அதனால் இரண்டு பேர் குளித்த பிறகு போகிற மூன்றாமவருக்கும் அதே சூடு கிடைக்கிறது. பிப்ரவரி வெயிலில் வந்து பாருங்கள், குழாயிலிருந்து வருவதில் கை வைக்க முடியாது.

"இந்த ஊருக்கு எதற்கு சுடுதண்ணீர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், என் அம்மா. முழங்கால் வலிக்காரர். பழைய மின்சார ஷவர் சுவரில் இருந்தபோது, தண்ணீருக்கும் கரண்டுக்கும் நடுவில் நின்று குளிக்க மாட்டேன் என்று அடுப்பில்தான் வைத்துக்கொள்வார். 10 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. இப்போது குளியலறையில் ஒயரே இல்லை. அவர் குளித்துவிட்டு வருகிற முகத்தைப் பார்த்தால், கீழே நான் எழுதப்போகும் எதையும் எழுதத் தோன்றாது.

சரி, எழுதுகிறேன்.

குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வராது. வரும், ஆனால் அப்புறம் வரும். எங்கள் டாங்கி முன்பக்கக் கூரையில் இருக்கிறது. சமையலறையும் கீழ்க் குளியலறையும் பின்பக்கம். நடுவே கூரைக்குள் ஓடி, சுவரில் இறங்கி வரும் பைப் 20 மீட்டர் இருக்கும். அதன் உள்விட்டத்துக்கு மீட்டருக்கு 300 மில்லிக்குமேல் தண்ணீர் நிற்கும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் 6 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கடத்திவிட்டுத்தான் சூட்டைத் தொடலாம். ஷவரில் ஒரு நிமிடம் கோவணத்தோடு ஓரமாக நிற்பதை விதி என்று விடலாம். சமையலறைதான் கொடுமை. எண்ணெய்ச் சட்டி ஒன்றைக் கழுவத் திறந்தால், சட்டியைக் கழுவி முடித்து மூடும்போதுதான் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தலை காட்டும்.

இதில் பெரிய அநியாயம் வேறு. நாம் மூடிய பிறகு, டாங்கியிலிருந்து கிளம்பிய 6 லிட்டர் சுடுதண்ணீர் பைப்பிலேயே நின்று ஆறுகிறது. அடுத்தவர் வருவதற்குள் அதுவும் பச்சைத் தண்ணீர். கை கழுவக்கூட சுடுபக்கக் குழாயையே திருப்புகிற என் மகன், ஒரு சொட்டு சூட்டையும் அனுபவிக்காமல் பொழுதுக்கும் டாங்கியைக் காலி செய்துகொண்டிருக்கிறான். இதற்கென்றே ஷவருக்குக் கீழே ஒரு வாளி நிரந்தரமாக இருக்கிறது. அதில் பிடித்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் போகிறது. அவை மட்டும் இந்த வீட்டில் செழிப்பாக இருக்கின்றன.

டாங்கி ஏன் முன்பக்கம்? மாட்டிய ஆள் அன்றைக்குக் கொடுத்த விளக்கம் பிரமாதமாக இருந்தது. முன்பக்கக் கூரை தெற்குப் பார்த்தது, பலகை தெற்குப் பார்த்தால்தான் முழுச் சூடு கிடைக்கும் என்றார். சீனாவில் இருந்தால் அது சரி. ஆஸ்திரேலியாவில் இருந்தால் வடக்கு சரி. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிகூட இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கில். நம் கூரைச் சரிவுக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் வருஷக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. 20 மீட்டர் பைப்புக்கு வித்தியாசம் உண்டு. உண்மைக் காரணத்தை நானே சொல்கிறேன்: லாரி முன்வாசலில் நின்றது, பின்னால் சந்து குறுகல். 300 லிட்டர் டாங்கியை வீட்டைச் சுற்றி எடுத்துப்போக யாருக்கு மனசு வரும்?

பரிகாரம் தேடாமல் இல்லை. பைப்புக்கு நுரை உறை போட்டோம். ஆறுவது மெதுவானது, அவ்வளவுதான். காலையில் குளித்தவரின் சூடு மத்தியானம்வரை பைப்பில் நிற்குமா என்ன? சுடுதண்ணீரை எந்நேரமும் சுற்றவிடுகிற பம்ப் ஒன்று வைக்கலாம் என்றார் பைப்காரர். அதை வைத்தால் டாங்கிக்குள் அடுக்காக நிற்கிற தண்ணீர் கலங்கி எல்லாம் வெதுவெதுப்பாகிவிடும், பைப் வழியே சூடும் ஓயாமல் போகும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் சின்ன மின்சார ஹீட்டர் வைப்பது இன்னொரு வழி. சோலார் ஹீட்டருக்குத் துணையாக மின்சார ஹீட்டர் வாங்க என் மானம் இடம் கொடுக்கவில்லை.

பம்ப் என்றதும் இன்னொன்று. பலகைக்கு பம்ப் வேண்டாமே தவிர, வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கூரைக்குள்ளே இருக்கும், சோலார் டாங்கியோ கூரைக்கு மேலே. தொட்டித் தண்ணீரை மேலே தள்ள ஒரு மோட்டார் இருக்கிறது, குழாயைத் திறந்தால் அது முனகும். கரண்ட் போனால் வெயிலில் காய்ந்த தண்ணீரும் வராது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வு மாற்ற பினாங்கில் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது கூரைக்குள் இருந்த தொட்டி வற்றிவிட்டது. அதற்கு மேலே சோலார் டாங்கி நிறைய 300 லிட்டர், ஒரு சொம்பு இறங்கவில்லை. அடியில் குளிர்ந்த தண்ணீர் புகுந்து தள்ளினால்தான் மேல்வாய் வழியாகச் சுடுதண்ணீர் வெளியேறும். தள்ள ஆள் இல்லை. அத்தனை தண்ணீரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நாங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம்.

மழைக்காலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பினாங்கில் மழை கூடுவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். தீபாவளி வருவதும் அதை ஒட்டித்தான். வீடே எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியற்காலையில் வரிசையில் நிற்கிற ஒரே நாளில் டாங்கி கைவிட்டுவிடும். அதற்கென்று உள்ளே மின்சாரச் சுருள் இருக்கிறது, 2.4 கிலோவாட். முழு டாங்கியை 30 டிகிரி ஏற்ற 10 யூனிட்டுக்கு மேல் இழுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின இரவே சுவிட்சைப் போட வேண்டும். விடிந்ததும் அணைக்கவும் வேண்டும், பட்டாசுச் சத்தத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது.

ரிப்பேர் எதற்கென்றால், டாங்கிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறது. இரும்பு டாங்கிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுத்துக்கொள்வது அதன் வேலை. சில ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டிய பொருள். விற்ற கம்பெனி இதைச் சொல்லவே இல்லை, இப்போது அவர்கள் போனையும் எடுப்பதில்லை. வேறு ஆள் வந்து கழற்றிக் காட்டியபோது மிச்சமிருந்தது துருப்பிடித்த நடுக்கம்பி மட்டும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் டாங்கியே ஓட்டையாகியிருக்குமாம். கம்பி, சுருளுக்கு புது தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து அந்த 850.

பணக் கணக்கு மச்சானுக்காக. 3.6 கிலோவாட் மின்சார ஷவரில் நான்கு பேர் ஆளுக்கு 10 நிமிடம் குளித்தால் நாளைக்கு 2.4 யூனிட், மாதம் 72. 2025 ஜூலைக்கு முன்பிருந்த வீட்டுக் கட்டணத்தில் யூனிட்டுக்கு 51.60 காசு என்ற படியில் வைத்தாலும் 37 வெள்ளிதான். நான் இதற்குப் போட்டது 6,500. ரிப்பேரைச் சேர்க்காமலே முதல் திரும்ப 14 ஆண்டுக்கு மேல். நான்கு பேரும் தினம் சுடுதண்ணீரில்தான் குளிப்பார்கள் என்ற நினைப்பில் போட்ட கணக்கு அது, எங்கள் வீட்டில் மகன் குளிப்பதே பெரிய விஷயம்.

ஆகவே மச்சான், வேண்டாம். இரண்டு மின்சார ஷவர் வாங்கி மாட்டுங்கள், மிச்சப் பணத்தில் கூரைக்கு வேறு நல்லது செய்யலாம். இல்லை, போட்டே தீருவேன் என்றால் டாங்கி குளியலறைக்கு நேர் மேலே வரட்டும், திசையைப் பற்றிப் பேச வருகிறவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மெக்னீசியம் கம்பி மாற்றும் தேதியை டாங்கியிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எங்களுடையது நாளைக்கே ஓட்டையானால் என்ன செய்வேன் என்று கேட்டார். இதையேதான் திரும்ப வாங்குவேன் என்றேன். பின்பக்கக் கூரையில்.