நான்கு வருடம் ஒரு பள்ளி மென்பொருளோடு: பிள்ளைகளின் சான்றிதழை யார் திறந்து பார்க்கிறார்கள்?

கேரளாவில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த 2021-இல் ஒரு பள்ளி நிர்வாக மென்பொருளை வாங்கினோம். மாநில அரசின் சம்பூர்ணா என்ற பள்ளித் தளத்தில் ஏற்ற வேண்டியதைத் தனியாக ஏற்றிவிடுவோம். இது பள்ளியின் சொந்தக் கணக்கு வழக்குக்கு: பீஸ், வருகை, மார்க், வேன், பெற்றோருக்கு ஒரு ஆப். மென்பொருளின் பெயர் இங்கே வேண்டாம். எந்த மென்பொருளை வாங்கினாலும் கேட்க வேண்டியது கீழே சொல்வதைத்தான்.

பீஸ், வருகை விஷயத்தில் எனக்குப் புகாரே இல்லை. முன்பெல்லாம் மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுக்க இரண்டு நாள் ஆகும், இப்போது ஐந்து நிமிடம். நான் எழுத உட்கார்ந்தது அதே மென்பொருளில் 'டாக்குமெண்ட்ஸ்' என்று இருக்கும் ஒரு பகுதியைப் பற்றி.

பள்ளி மூடியிருந்த அந்த மாதங்களில் பீரோவில் இருந்த பைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து அதில் ஏற்றினோம். பாதிக்கு மேல் என் கையால் ஏற்றியவை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், டிசி என்று வழக்கமானவை மட்டும் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள். பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்தார்கள் என்று காட்டச் சொல்வார்கள். அதற்காகத் தாத்தாவின் எஸ்டேட் பதிவு, பழைய ரேஷன் கார்டு, பாட்டியின் பள்ளிச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் வைத்திருப்பார்கள். அதையும் 'இருக்கட்டும்' என்று ஏற்றினோம். கூடவே மருத்துவச் சான்று, மாற்றுத்திறன் சான்று. அப்பா அம்மா பிரிந்த வீடாக இருந்தால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கோர்ட் உத்தரவு. இவ்வளவும் ஒரே பகுதியில், ஒரே வரிசையில், புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே.

2023-இல் ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார். மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் இருந்தது. எஸ்எஸ்எல்சி பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நாங்கள்தான் மெடிக்கல் போர்டு சான்றிதழ் வாங்கி வரச் சொல்லியிருந்தோம். உட்காரக்கூட இல்லை. “என் மகளுக்கு மூளைக் கோளாறுன்னு பைப்படியில பேசுறாங்க டீச்சர். அந்தப் பேப்பரை உங்க கையில மட்டும்தானே குடுத்தேன்?” என்றார். (ஆபீஸில் இருப்பவரையும் இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.) எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு இடையில் ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் கேட்கும். அப்படி ஒரு இடத்தில் ஒரு குடும்பம் மறைத்து வைக்க முடிகிற விஷயமே கொஞ்சம்தான். அதையும் நாங்கள் காப்பாற்றவில்லை.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு லாகினாகத் திறந்து பார்த்தேன். வேன் பொறுப்பாளருக்கு முகவரியும் போன் நம்பரும் தெரிந்தால் போதும். ஆனால் மாணவர் பக்கத்தைத் திறந்தால் டாக்குமெண்ட்ஸும் திறந்தது. நூலகத்துக்கும் அப்படியே. மூன்று மாதம் தற்காலிகமாக வந்துபோன டீச்சரின் லாகின் இன்னும் உயிரோடு இருந்தது. யார் அந்தச் சான்றிதழைத் திறந்தது என்று பார்க்கலாமென்றால், அதற்கான பதிவே இல்லை. யார் எப்போது மார்க் மாற்றினார் என்று காட்டுகிறது. ஆனால் யார் எதைப் பார்த்தார் என்பதை அது எழுதி வைப்பதே இல்லை. அந்த அம்மாவிடம் இன்றுவரை யாரால் நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை மென்பொருள் வழியாகவே வெளியே போகாமல் இருந்திருக்கலாம். அதையும் நிரூபிக்க வழியில்லை.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை செய்தேன். நீங்களும் உங்கள் பள்ளியில் செய்து பாருங்கள். ஒரு சான்றிதழைத் திறந்து, மேலே இருக்கும் லிங்கை காப்பி செய்து, லாகின் செய்யாத வேறொரு போனில் போட்டேன். திறந்தது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. லிங்கின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போட்டேன், இன்னொரு பிள்ளையின் ஆதார் வந்தது. கை நடுங்கிவிட்டது. வெப் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடமே, அனுமதி இல்லாதவரும் பார்க்க முடிகிற இந்த வகைக் குறைக்குத்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பூட்டை உடைத்து யாரும் உள்ளே வர வேண்டியதில்லை, கதவு திறந்தே கிடக்கிறது.

கம்பெனிக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினோம். லிங்க் பிரச்சினையை இரண்டு வாரத்தில் சரி செய்தார்கள். இப்போது லாகின் இல்லாமல் திறக்காது, சில நிமிடங்களில் லிங்க் செத்துவிடும். பொறுப்பு வாரியாக அனுமதி பிரிக்க மூன்று மாதம் ஆனது. பார்வைப் பதிவுக்கு ஒரு வருடம் துரத்தினோம். வந்தபின் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத் தப்பும் இருந்தது. மலையில் ரேஞ்ச் கிடைப்பது பெரும்பாடு. ஸ்டாப் ரூமில் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் டீச்சர்கள் ஒரு தடவை டவுன்லோட் செய்து போனிலேயே வைத்துக்கொண்டார்கள். ஸ்காலர்ஷிப் சமயத்தில் 'அந்தப் பிள்ளையோட வருமானச் சான்று போடுங்க' என்று வாட்ஸப் குரூப்பில் கேட்பதும், போடுவதும் சர்வ சாதாரணம். மென்பொருளில் எத்தனை பூட்டுப் போட்டாலும், அந்த பிடிஎப் பத்துப் போன்களில் கிடக்கிறது. குரூப்பில் சான்றிதழ் போடக் கூடாது என்று தலைமையாசிரியர் எழுத்தில் உத்தரவு கொடுத்த பிறகுதான் அது குறைந்தது. ஆதார் தேவைப்பட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரையே வாங்குகிறோம். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதுகூடத் தெரியாமல் எத்தனை பெற்றோரை நாங்கள் திருப்பி அனுப்பியிருப்போம்!

இன்னும் தீராதவை இரண்டு. ஒன்று, கம்பெனியின் சப்போர்ட் ஆட்கள் நம் பள்ளிக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். அமெரிக்காவில் பவர்ஸ்கூல் என்ற பெரிய பள்ளி மென்பொருளில் 2024 டிசம்பரில் நடந்தது இந்த வழியில்தான். சப்போர்ட் தளத்தின் லாகின் திருடுபோய், அதன் வழியாக மாணவர் விவரங்கள் அள்ளப்பட்டன. திருடியவர்களுக்குக் கம்பெனி பணம் கட்டியும், 2025 மே மாதத்தில் பள்ளிகளுக்கு மறுபடி மிரட்டல் வந்தது. எங்கள் மென்பொருள் கம்பெனியிடம், சப்போர்ட் லாகினுக்கு ஓடிபி வேண்டும், நாங்கள் அனுமதித்த நேரம் மட்டும் திறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 'பார்க்கிறோம்' என்கிறார்கள்.

இரண்டாவது, அழிப்பது. டிசி வாங்கிப் போன பிள்ளையின் காகிதங்கள் அப்படியே கிடக்கின்றன. அழித்தால் திரையிலிருந்து போகிறது, பேக்கப்பில் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்டவர் விவரத்துக்குப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும். தப்பு கம்பெனியுடையதாக இருந்தாலும் பொறுப்பு பள்ளிக்குத்தான். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, செய்தால் போதும் என்று நினைக்கிறேன்.

மென்பொருளை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. பீஸுக்கும் வருகைக்கும் அடுத்த வருடமும் இதையேதான் வைத்துக்கொள்கிறோம். ஆனால் மருத்துவச் சான்று, கோர்ட் உத்தரவு, சாதிக்கான குடும்பக் காகிதங்கள் மூன்றையும் அதிலிருந்து எடுத்துவிட்டோம். தேவைப்பட்டால் அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். கட்டாயம் பிரதி வேண்டியது மட்டும் பூட்டிய பீரோவில் இருக்கிறது, சாவி தலைமையாசிரியரிடம்.

இந்த ஜூனில் அதே அம்மா, இளைய மகனுக்கான சான்றிதழோடு வந்தார். காகிதத்தை என் கையில் கொடுக்கவில்லை. முதலில் கம்ப்யூட்டரில் என்ன ஏற்றுவீர்கள் என்று காட்டச் சொன்னார். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி வாசித்துக் காட்டினேன்: 'சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது, அசல் திருப்பித் தரப்பட்டது', தேதி, அவ்வளவுதான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்புறம்தான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.